ட்ரம் ரெடி... நீங்க ரெடியா?

நோட்டீஸ் போர்டில் 'காலேஜ் பேண்டுக்கு ஆட்கள் தேவை' என்று ஒரு பேப்பர் ஒட்டியிருக்கிறது. பார்த்ததுமே உங்கள் கை பரபரக்கிறது. ஸ்கூல் படிக்கும்போதே டெஸ்க்கில் தாளம் போட்டு, க்ளாஸுக்கு வெளியே நின்ற பார்ட்டியாச்சே நீங்கள்! 'சைடு ட்ரம்' என்று பேர் கொடுத்துவிட்டு, அன்றைக்கு ராத்திரியே ஹாஸ்டல் ரூமில் ரெண்டு ஸ்கேலை வைத்துத் தலையணையை நொறுக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள்.

முதல் நாள் பிராக்டீஸ். காலை 6 மணி. ட்ரம்மை மாட்டிவிட்டு கிரவுண்டை மூணு ரவுண்டு வரச் சொல்கிறார்கள். முதல் ரவுண்டு ராஜநடை. ரெண்டாவது ரவுண்டில் மூச்சு வாய் வழியாக வருகிறது. மூணாவது ரவுண்டில் இடுப்பு 'உள்ளேன் ஐயா' என்கிறது. அதுவரை அழகாக விழுந்துகொண்டிருந்த அடி... கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று பிய்த்துக்கொண்டு போகிறது. ரெண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பேர் கொடுத்த கூட்டத்தில் நிறையப் பேரைக் காணோம். கேட்டால் எல்லோருக்கும் ஒரே டயலாக்தான். "நமக்குத் தாளம் செட் ஆகலை மச்சான்!"

இந்த டயலாக்கில்தான் எனக்கு டவுட்டு. உட்கார வைத்து வாசிக்கச் சொன்னால் இதே ஆசாமிக்குத் தாளம் கச்சிதமாக வருகிறதே! நடக்கும்போது மட்டும் அது எப்படி ஊரைவிட்டு ஓடும்? தாளம் எங்கேயும் போகவில்லை பாஸ்... மூச்சும் முதுகும்தான் முதலில் சரண்டர் ஆகின்றன. மூச்சு வாங்கும் உடம்பு, நுணுக்கமான வேலைகளைத்தான் முதலில் கோட்டை விடும். ஸ்டிக்கை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர ஆள் இருக்கிறது. ட்ரம்மைச் சுமந்துகொண்டு எப்படி நடப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நல்ல தாளக்காரர்கள் பல பேர் ரெண்டாவது வாரத்தில் காணாமல் போவது இதனால்தான் என்பது என் கட்சி.

உட்கார்ந்தவருக்கே 150!

கிளெம் பர்க் என்று ஒரு ட்ரம்மர். 'பிளான்டி' ராக் குழுவில் வாசித்தவர். 2025-ல் மறைந்துவிட்டார். இங்கிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவர் உடம்பில் கருவிகளை மாட்டி, கச்சேரி நடக்கும்போதே இதயத் துடிப்பைக் கணக்கெடுத்தார்கள். 2008-ல் ரிசல்ட்டைச் சொன்னபோது பலருக்கும் ஆச்சர்யம். வாசிக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 140-லிருந்து 150 துடிப்பு. உச்சத்தில் 190! இது தொழில்முறை ஃபுட்பால் ப்ளேயர்களோடு ஒப்பிடுகிற லெவல். இத்தனைக்கும் மனுஷன் ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தவர்.

நமக்கு ஸ்டூலும் கிடையாது. நடக்கணும்.

எவ்வளவு வேகமாக? என்.சி.சி. பசங்களைக் கேளுங்கள். 'தேஜ் சல்' என்றால் நிமிடத்துக்கு 120 அடி வைக்க வேண்டும். ஒரு அடிக்கு 30 அங்குலம். பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்குச் சுமார் 91 மீட்டர், மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர். "அட, இவ்வளவுதானா? காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க இதைவிட வேகமா ஓடியிருக்கேன்"னு சிரிக்காதீங்க. பஸ்ஸுக்கு ஓடும்போது கையை வீசி ஓடுவீர்கள். கை வீசுவது சும்மா ஸ்டைலுக்கு இல்லை. அது நடையை பேலன்ஸ் பண்ணுகிறது. கை வீசாமல் நடந்தால் அதே வேகத்துக்கு உடம்பு கூடுதல் சக்தியைச் செலவழிக்கும். ட்ரம்மருக்குக் கை ரெண்டும் வேறு வேலையில் பிஸி. நெஞ்சை நிமிர்த்தணும், வரிசையைப் பார்க்கணும், பக்கத்து ஆளோடு அடி பிசகாமல் இருக்கணும். இதெல்லாம் போக மிச்சமிருக்கும் மூச்சில்தான் வாசிப்பு.

ஒரு மெக்கானிக்கல் கணக்கு

நான் படிப்பது மெக்கானிக்கல். அதனால் ஒரு சின்ன கணக்குப் போட்டே தீருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோள்பட்டை மேல் ஃப்ரேம் வைத்து மாட்டுகிற மார்ச்சிங் ஸ்நேர் ட்ரம் ஒன்று 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 8 கிலோ ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, ரேஷன் அரிசி தூக்கியிருப்போம். ஆனால், இந்த 8 கிலோ உங்கள் முதுகெலும்பிலிருந்து ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது. அது உங்களை முன்பக்கம் கவிழ்க்கப் பார்க்கும். கவிழாமல் இழுத்துப் பிடிப்பது கீழ்முதுகுத் தசை. அந்தத் தசை எலும்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. நெம்புகோல் தத்துவம்தான். ஆறு மடங்கு தூரத்தில் தொங்கும் எடைக்கு ஆறு மடங்கு விசை வேண்டும். அதாவது, 8 கிலோ ட்ரம்முக்காக முதுகுத்தசை கிட்டத்தட்ட 48 கிலோ விசையில் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அரை மணி நேரத்துக்கு!

இது தாங்காமல்தான் புதுசா வர்ற எல்லோரும் ஒரு காரியம் செய்வார்கள். வயிற்றைத் தள்ளி, முதுகைப் பின்னால் வளைத்து, எட்டு மாசக் கர்ப்பிணி மாதிரி நடப்பது. அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும். சாயங்காலம் பெஞ்சில் உட்கார முடியாது.

நம் ஊர் பேண்டுகளில் பல இடங்களில் இன்னும் பழைய ஸ்லிங் முறைதான். வலது தோளில் பட்டை மாட்டி, ட்ரம் இடது தொடைப் பக்கம் சாய்ந்து தொங்கும். (ஜாஸ் ட்ரம்மர்கள் சிலர் இடது கையை மட்டும் மல்லாத்தி ஸ்டிக் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்த ஸ்டைல் பிறந்தது இந்தச் சாய்ந்த ட்ரம்மிலிருந்துதான்.) இதில் எடை குறைவு. ஆனால், எல்லாமே ஒரு பக்கம். வலது தோள் இழுபடும், இடுப்பு கோணும், ஒவ்வொரு முறை இடது கால் எடுத்து வைக்கும்போதும் ட்ரம் தொடையில் ஒரு இடி. பேஸ் ட்ரம்காரர் பாடு தனி. நெஞ்சுக்கு முன்னால் ஒரு சுவர், சொந்தக் காலே தெரியாது. காற்று அடித்தால் அது பாய்மரம் மாதிரி ஆளையே பக்கவாட்டில் தள்ளும்.

இதற்கே அலுத்துக்கொண்டால், அமெரிக்காவின் டிரம் கார்ப்ஸ் பசங்களைப் பாருங்கள். 1972-ல் தொடங்கிய சாம்பியன்ஷிப் நடக்கிறது. வாசிப்பவர்கள் எல்லாம் நம்ம வயசுதான், 22-க்கு மேல் அனுமதி இல்லை. ஐந்தாறு ட்ரம்களை ஒன்றாகச் சேர்த்து மாட்டுகிற 'டெனர்' செட், ஃப்ரேமோடு 15 கிலோவைச் சுலபமாகத் தொடும். அதைச் சுமந்துகொண்டு முகம் ஆடியன்ஸைப் பார்க்க, நண்டு மாதிரி காலைக் குறுக்கே போட்டுப் பக்கவாட்டில் ஓடுவார்கள். அந்த நடைக்குப் பேரே 'நண்டு நடை'தான். கோடைக்காலம் பூரா பயிற்சி. வாத்தியத்தைத் தொடுவதற்கு முன்னால் ஓட்டமும் உடற்பயிற்சியும். அவர்கள் தங்களை விளையாட்டு வீரர்கள் மாதிரியே நடத்திக்கொள்கிறார்கள். நாம் மட்டும் முதல் நாளே நேராக ட்ரம்மை மாட்டிக்கொள்கிறோம்.

ஜிம்முக்குப் போகணுமா?

வேண்டாம். பைசெப்ஸ் பெரிசானால் யூனிஃபார்ம் டைட்டாகும், அவ்வளவுதான். (போகிறவர்கள் தாராளமாகப் போங்கள், சண்டை இல்லை.) உங்களுக்கு வேண்டியது ஆறு வாரமும் ஒரு புக் பேகும்.

ஆகஸ்ட் 15 அணிவகுப்பு என்றால் ஜூலை முதல் வாரம். ஜனவரி 26 என்றால் டிசம்பர் இரண்டாவது வாரம். முதல் வேலை நடை. செல்போனில் மெட்ரோனோம் ஆப் ஒன்றை இறக்கி 120-ல் வையுங்கள். 'டிக்' ஒவ்வொன்றுக்கும் ஒரு கால். வாரத்துக்கு நாலைந்து நாள், இருபது நிமிடம். வெறும் கையோடு. 'ஒன்'னில் இடது கால் விழணும். மார்ச் பாட்டில் பேஸ் ட்ரம்மின் கனத்த அடி விழுவது இடது காலுக்குத்தான் என்பதால், இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஏறிவிட வேண்டும்.

நடந்துகொண்டே வாய்விட்டு 'தகதிமி... தகஜுணு' சொல்லுங்கள். ரோட்டில் நாலு பேர் ஒருமாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். இதில் ரெண்டு லாபம். காலும் தாளமும் ஒட்டிக்கொள்ளும். அதோடு, மூச்சு எவ்வளவு தாங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல மீட்டர் கிடையாது. முழுசாகச் சொல்ல முடிந்தால் உடம்பு பழகிவிட்டது என்று அர்த்தம். 'தக...' என்று பாதியில் காற்று போனால், இன்னும் ஒரு வாரம் அதே இருபது நிமிடம்.

மூணாவது வாரம்தான் பேக். முதுகில் இல்லை, திருப்பி நெஞ்சுப் பக்கம் மாட்டுங்கள். உள்ளே ரெண்டு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கு சுத்தம். வாரம் ஒரு கிலோ ஏற்றினால் போதும். பாட்டிலுக்குப் பதில் எம்-த்ரீ புத்தகத்தை வைத்தால், அந்தப் புத்தகத்துக்கும் கடைசியில் ஒரு உபயோகம் கிடைத்த மாதிரி இருக்கும்! அவசரப்பட்டு முதல் நாளே எட்டு கிலோ ஏற்றாதீர்கள். தசை சீக்கிரம் பழகிவிடும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாண்களும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. 'எனக்குத்தான் வலிக்கலையே' என்று தாவுகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பை ஒட்டி வலி பிடித்துக்கொள்ளும். சிமென்ட் தரையில் குதிகாலை ஓங்கி அடித்து நடந்தால் நிச்சயம் பிடிக்கும். மண் கிரவுண்டில் நடங்கள். ஹாஸ்டல் மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குவதைத் தினமும் ஒரு இருபது முறை செய்யுங்கள்.

முதுகுக்கு ப்ளாங்க். முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி வைத்து இருபது செகண்ட். மூணு தடவை. கேட்க ஈஸி, பதினைந்தாவது செகண்டில் தெரியும் சேதி! அப்புறம் தோப்புக்கரணம். சின்ன வயசில் பிள்ளையாருக்கும் கணக்கு வாத்தியாருக்கும் போட்டதுதான். தொடைக்கும் இடுப்புக்கும் அதைவிடச் செலவில்லாத பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஸ்லிங் ட்ரம்காரர்களுக்கு ஒரு ஸ்பெஷல் அயிட்டம் இருக்கிறது. பாத்ரூம் பக்கெட். பாதி தண்ணீர் பிடித்து ஒரு கையில் தூக்கிக்கொண்டு, உடம்பு ஒரு பக்கமும் சாயாமல் வராண்டாவில் நடக்க வேண்டும். அந்தக் கோடி போய்க் கை மாற்றித் திரும்பி வாருங்கள். சாயவிடாமல் பிடிக்கிற விலாப்பக்கத் தசைகள்தான் ட்ரம் ஒரு பக்கம் இழுக்கும்போது உங்களை நேராக நிறுத்தும். மோட்டார் ஓடாத நாளில் மூணாவது மாடிக்குத் தண்ணீர் சுமக்கிற எங்கள் ஹாஸ்டல் பசங்களுக்கு இந்தத் தசை ஏற்கெனவே டெவலப் ஆகியிருக்கும்.

கை கடைசியில்தான்

கையைப் பற்றி ஏன் இவ்வளவு லேட்டாகப் பேசுகிறேன் என்றால், கை ஏற்கெனவே ஆர்வத்தில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கும். அதைக் கொஞ்சம் அடக்கணும். தலையணையில் அடித்தால் ஸ்டிக் திரும்ப எழும்பாது, மணிக்கட்டே தூக்கணும். அதனால் பலம் வரும். ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மெட்ரோனோமை 60-க்கு இறக்கி, வலது-இடது-வலது-வலது, இடது-வலது-இடது-இடது என்று மெதுவாக. இதற்கு 'பாரடிடில்' என்று பேர். உலகம் பூரா ட்ரம்மர்கள் சொல்லிக்கொள்கிற 40 அடிப்படை அடிகளில் ஒன்று. முன்கை எரிந்தால் பரவாயில்லை. மணிக்கட்டில் சுரீர் என்றாலோ, விரல் மரத்தாலோ ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட வேண்டும். ஸ்டிக்கை உயிர் போகிற மாதிரி இறுக்கிப் பிடிப்பவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் வருகிறது.

நாலாவது வாரத்திலிருந்து ரெண்டையும் சேருங்கள். 'கதம் தால்' போட்டுக்கொண்டே, அதாவது நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டே கட்டிலோ மேஜையோ எதிலாவது வாசியுங்கள். கீழ் ரூம்காரர் சண்டைக்கு வந்தால் மொட்டை மாடி. நம் பறையாட்டக் கலைஞர்களைக் கவனித்துப் பாருங்கள். தோளில் வார் மாட்டி, குனிந்து, நிமிர்ந்து, சுழன்று அடிக்கிறார்கள். அங்கே அடியும் ஆட்டமும் வேறு வேறு இல்லை, கால் போகிற இடத்தில் அடி விழுகிறது. நாம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு அப்புறம் எழுந்து நடக்கப் பார்க்கிறோம்.

ஒல்லிக்குச்சி உடம்புக்காரர்களுக்கும், பொண்ணுங்களுக்கும்... 'நம்மால முடியுமா'ங்கிற கேள்வியே வேண்டாம். 2024 குடியரசு தின அணிவகுப்பை டெல்லியில் தொடங்கி வைத்ததே நூற்றுக்கும் மேற்பட்ட பெண் கலைஞர்கள்தான். சங்கு, நாதஸ்வரம், நகாரா எல்லாம் முழங்கியது அவர்கள் கையில். ஒல்லியாக இருப்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான், பேக் எடையை ஏற்றுவதில் இன்னும் கொஞ்சம் நிதானம். ஆஸ்துமா, இதயப் பிரச்னை, பழைய முதுகு அடி இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். இன்ஹேலர் உபயோகிப்பவர்கள் அதைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே நடங்கள்.

வெயில், மயக்கம், காது

காலையில் வெறும் வயிற்றோடு கிரவுண்டுக்குப் போகிறவர்கள் கை தூக்குங்கள்... தெரியுமே! மெஸ் 7:30-க்குத்தான் திறக்கும். ராத்திரியே ரெண்டு வாழைப்பழம் வாங்கி வைத்துவிடுங்கள். கிளம்பும் முன் ஒரு பழம், ரெண்டு டம்ளர் தண்ணீர். நம் ஊர் வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து ரெண்டு வாரம் ஆகும். அதனால், அணிவகுப்பு நேரம் காலை ஒன்பது மணி என்றால் கடைசி ரெண்டு வாரமாவது அதே நேரத்து வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகணும். நிறைய வியர்த்த நாளில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து போட்டுக் குடிக்கலாம். தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அங்கே வீரம் காட்டக்கூடாது. நிழல், தண்ணீர், உடனே ஆளைக் கூப்பிடுவது. பக்கத்தில் நிற்கிறவருக்கு அப்படி ஆனாலும் நீங்கள்தான் வரிசையை உடைத்துக்கொண்டு கத்தணும்.

இன்னொரு மயக்கம் இருக்கிறது. நடக்கும்போது நன்றாக இருந்தவர், சீஃப் கெஸ்ட் பேச்சின்போது 'சாவ்தான்'-ல் நின்றபடியே தொப்பென்று விழுவார். பேச்சு போர் என்பதால் மட்டும் இல்லை! காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே பம்ப் பண்ணி அனுப்புவது ஆடுசதைதான். அசையாமல் நின்றால் அந்தப் பம்ப் வேலை செய்யாது, ரத்தம் காலிலேயே தேங்கும், மூளைக்குக் குறையும். ஷூவுக்குள் கால்விரலை மடக்கி விரித்துக்கொண்டே இருங்கள். ஆடுசதையை இறுக்கித் தளர்த்துங்கள். வெளியே யாருக்கும் தெரியாது. முழங்காலைப் பூட்டு போட்ட மாதிரி விறைப்பாக வைக்காதீர்கள்.

காதைப் பற்றி எந்தக் காலேஜிலும் யாரும் பேசிக் கேட்டதில்லை, எனக்கு அதில் வருத்தம்தான். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வகுத்த எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். நாலு சைடு ட்ரம் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெளுத்தால் 100 எல்லாம் சாதாரணம். மெடிக்கல் ஷாப்பில் விற்கிற ஸ்பாஞ்ச் காதடைப்பான் போதும். பிராக்டீஸ் முடிந்து ரூமுக்கு வந்த பிறகும் காதில் 'ங்ங்ங்'கென்று கேட்டால் அது வெற்றி முழக்கம் இல்லை, காதின் முனகல். போன முடி திரும்ப வளரும், போன காது வளராது.

ஆறாவது வாரம் முடிவில் ஒரு டெஸ்ட். நெஞ்சில் ஆறு கிலோ பேக். மெட்ரோனோம் 120. பதினைந்து நிமிடம் நடை, வாயில் தகதிமி. முதுகு பின்னால் வளையாமல், சொல் பாதியில் அறுந்து போகாமல் முடித்துவிட்டீர்கள் என்றால் போய் ட்ரம்மைக் கேளுங்கள். கைக்கு வந்ததும் வாசிக்கத் துடிப்பீர்கள், அதற்கு முன் பட்டையைச் சரி பண்ணுங்கள். முந்தின ஆள் ஆறடி என்றால் ட்ரம் உங்கள் முழங்காலை இடிக்கும். முழங்கை இயல்பாக மடங்கி, ஸ்டிக் ட்ரம்மின் நடுவில் விழுகிற உயரத்தில் நிற்கணும். கொக்கியை இன்னொரு ஓட்டைக்கு மாற்ற ரெண்டு நிமிடம்கூட ஆகாது.

அப்புறம், அன்றைக்கு மட்டும் பத்து நிமிடம் முன்னாடியே போய்விடுங்கள். கடைசியாக வர்றவர் தலையில்தான் பேஸ் ட்ரம்மைக் கட்டுவார்கள்.